அம்பத்தஞ்சு சேரும் அவுகநாதனும்

மனிதன் எதற்காகப் பிறக்கிறான் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். கண்டியில் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்த புரொக்டரிடம் ஒரே பதில்தான்: ஓய்வு பெறுவதற்காக. பிறப்பது, பள்ளிக்கூடம் போவது, வேலைக்குச் சேர்வது, கலியாணம் கட்டுவது எல்லாமே ஐம்பத்தைந்து வயதை ஒழுங்காக எட்டுவதற்கான முன்னேற்பாடுகள் என்று அந்த மனிதர் மனதார நம்பினார். சத்தியமாகச் சொல்கிறேன், இலங்கை முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி இன்னொரு பைத்தியம் கிடைக்காது.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. வழக்குப் பேசுகிறவர்களில் ஒரு சாராரைப் புரொக்டர் என்போம். கண்டிப் புரொக்டர்மார் எல்லாரும் காணி, கொலை, விவாகரத்து என்று கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் பென்ஷன், சேமலாப நிதி, ஆள் செத்தால் அது யாருக்கு என்று எழுதி வைக்கும் நியமனப் படிவம், இவற்றைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். ஒரு நாள் கொலைக் கேஸ்காரன் ஒருவன் வழி தவறிப் படியேறி வந்துவிட்டான். "என்ன வயசு?" என்றார் இவர். "முப்பத்தெட்டு" என்றான் அவன். "இன்னும் பதினேழு வருசம் கிடக்கு. அதுக்குப் பிறகு வாரும்" என்று அனுப்பிவிட்டார்.

யாரைக் கண்டாலும் முதல் கேள்வி வயதுதான். உடனே ஐம்பத்தைந்திலிருந்து கழித்து மிச்சத்தைச் சொல்வார். அதனால் கண்டித் திருகோணமலை வீதி முழுக்க அவர் 'அம்பத்தஞ்சு சேர்'; சாரைத்தான் எங்கள் பக்கம் சேர் என்போம். சொந்தப் பெயர் என்னவென்று வீதியில் யாருக்கும் தெரியாது. பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அதில் பாதி எழுத்தை மழை கொண்டு போயிருந்தது. ஊரார் பெயரில் விழுந்த எழுத்துக்காக வருஷக்கணக்கில் வாதாடிய மனிதருக்குத் தன் பலகைக்கு வர்ணம் பூச நேரம் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்காரர். கலியாணம் கட்டாதவர். ஹுசைன் நானாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் கந்தோர், அதாவது ஆபீஸ். அங்கே நான் டைப்பிஸ்ட். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அப்பா முனிசிபாலிட்டியில் கிளாக்கர். கண்டி டவுனில் டைப்பிங் படித்த பெண் என்ற மிதப்பு எனக்குக் கொஞ்சம் இருந்தது. அந்த மிதப்பு முதல் நாளே இறங்கியது.

நேர்முகத்துக்குப் போனால் டைப் அடிக்கச் சொல்லவில்லை. ஒரு கடதாசியை நீட்டி, "உன்ர பேரை மூண்டு தரம் எழுது, பிள்ளை" என்றார். எழுதினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடதாசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"முதலாவது 'செல்வராணி'. மூண்டாவதும் 'செல்வராணி'. ரண்டாவது என்ன இது? 'செல்வ', பிறகு ஒரு இடைவெளி, பிறகு 'ராணி'?"

"பேனா கொஞ்சம் தள்ளிப் போயிருச்சுங்க சேர்."

"தள்ளிப் போயிட்டுதோ! உந்த இடைவெளிக்குள்ளை உன்ர முப்பது வருச உழைப்பு விழுந்து போகும், தெரியுமோ? ஒரு ஆளுக்கு ஒரு பேர். அது செத்த பிறகும் ஒரு பேர்தான். நாளைக்கு எட்டரைக்கு வா."

வேலை கிடைத்ததா, திட்டு கிடைத்ததா என்று தெரியாமல் படியிறங்கினேன். கீழே நானா கல்லாவிலிருந்து தலையை நீட்டி, "என்ன தங்கச்சி, வயசக் கேட்டாரா? ஒங்களுக்கு எத்தின வருஷம் மிச்சமாம்?" என்று சிரித்தார்.

கந்தோரில் இருந்த பெரிய அலுமாரியைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் சொல்வது எதுவும் விளங்காது. மற்றப் புரொக்டர்மார் பைலைக் கட்சிக்காரரின் பெயர் வைத்து அடுக்குவார்கள். இவர் பிழையை வைத்து அடுக்கினார். காரணம் கேட்டேன். "என்னட்டை வாறவைக்கு ஆளுக்கு அஞ்சு பேர் இருக்கு. எந்தப் பேரிலை அடுக்க? பிழை ஒண்டுதானே நிலையா இருக்குது" என்றார். மேல் தட்டு 'எழுத்து விழுந்தது'. அடுத்தது 'எழுத்துக் கூடினது'. அதற்குக் கீழே 'அப்பன் மகனானது'. எல்லாவற்றுக்கும் அடியில் 'செத்தவர் வேலைக்கு வந்தது'. கந்தையா என்று கேட்டால் பைல் வராது. 'முதல் எழுத்தில் ஒரு கால் கூடிக் காந்தையா ஆனவர்' என்று கேட்டால் அரை நிமிஷத்தில் வரும். நானும் ஆறு மாதத்தில் அந்தப் பைத்தியத்துக்குப் பழகிவிட்டேன். வீட்டில் அம்மா சாமான் துண்டில் 'பருப்பு' என்பதற்குப் 'பரப்பு' என்று எழுதினால், இது எந்தத் தட்டு என்று மனம் தானாகத் தேடும்.

தோட்டத்து ஆட்களின் பெயர் படும் பாடு அப்படி. பெயர் கொடுத்த அம்மாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். பதிந்த கிளாக்கர் இங்கிலீஷில் எழுதுவார். அதைச் சிங்களத்தில் ஒருவர் எழுதுவார். கடைசியில் இன்னொருவர் தமிழுக்குக் கொண்டுவரும்போது, பெற்ற தாயே வந்து பார்த்தாலும் பிள்ளையை அடையாளம் தெரியாது.

பழனியாண்டி என்று ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. தோட்டக் கம்பனிகள் சில தங்கள் ஆட்களுக்குச் சொந்தமாகவே ஓய்வு நிதி நடத்திய காலம். அப்படி ஒரு கம்பனியின் நிதிக் கந்தோர் கண்டி வாவிக்கரையில் இருந்தது. அங்கே பழனியாண்டியைப் பழனி என்று ஒருவராகவும் ஆண்டி என்று ஒருவராகவும் பதிந்து வைத்திருந்தார்கள். அங்கிருந்த விசாரணை அதிகாரி ஒரு சிங்கள மாத்தயா, நல்ல மனிதர், ஆனால் சட்டம் என்றால் சட்டம். இரண்டு பேரும் நேரில் வந்தே ஆகவேண்டும் என்று கடிதம் போட்டார்.

"ரண்டு பேரும் வருவினம்" என்று பதில் போட்டார் எங்கள் சேர்.

குறித்த நாளில் பழனியாண்டியை உள்ளே அனுப்பினார். அவர் 'பழனி' என்று கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, வராந்தாவைச் சுற்றிக்கொண்டு மற்றக் கதவால் மறுபடி உள்ளே போனார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "ஏய், நீ இப்பதானே வந்தது?" என்றார்.

"அது பழனிங்க. நான் ஆண்டி."

அதிகாரி தலையைப் பிடித்துக்கொண்டார். பின்னால் நின்ற எங்கள் சேர், "சேர், நீங்கள் கேட்டபடி ரண்டு பேரும் வந்திட்டினம். இவையை ஒராளாக்கிறதெண்டால் எனக்கு ஆட்சேபனை இல்லை" என்றார். அன்று சாயந்தரமே பழனியும் ஆண்டியும் ஒன்று சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் சேர் வாவிக்கரையில் குடையோடு வருவதைக் கண்டால் அந்த அதிகாரி ஒரு பிளேன்டீ கூடுதலாகக் குடிப்பார் என்று பியோன் சொல்வான்.

வேலை நேரத்தில் மட்டும் பைத்தியம் என்றால் பரவாயில்லை. ஹுசைன் நானாவின் மகன் கலியாணத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஒரு தேயிலைக் கம்பனியில் வேலை. வாழ்த்தப் போன இடத்தில் எங்கள் சேர் கையைக் கொடுத்துவிட்டு, ஊருக்கே கேட்கிற குரலில், "தம்பி, முப்பது வருசம் இருக்கு. அதுசரி, நியமனப் படிவத்திலை இப்ப ஆர் பேர் கிடக்கு?" என்றார்.

"உம்மாட பேருதான் சேர்."

"ஐயையோ! நாளைக்கே மாத்தும். இனிப் பொம்பிளை பேர்தான் வரவேணும்."

அவ்வளவுதான். இந்தப் பக்கம் மாப்பிள்ளையைப் பெற்ற உம்மாவின் முகம் கறுத்தது. அந்தப் பக்கம் பெண் வீட்டார் தலையை ஆட்டினார்கள். சகன் என்கிற பெரிய தட்டில் புரியாணி வந்து வைக்கும் முன்பே மாமிக்கும் மருமகளுக்கும் முதல் மனத்தாங்கல் ஆரம்பித்துவிட்டது. மறுநாள் நானா மேலே வந்து, "சேர், வாடகையும் வாணாம் ஒண்டும் வாணாம், இனி எங்கட ஊட்டுக் கலியாணத்துக்கு மட்டும் வந்துராதீங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். "நான் என்ன பிழையாச் சொன்னனான்?" என்று என்னிடம் கேட்டார் சேர். உண்மையிலேயே அவருக்கு விளங்கவில்லை.

இன்னொரு நாள் நாங்கள் போன ரயில் பேராதனைச் சந்தியில் நின்றது. பச்சைக் கொடியைத் தூக்கிய கார்டைப் பிடித்து வயதைக் கேட்டார். ஐம்பத்து நாலரை. 'அரை வருசத்திலை ஓய்வு, இன்னும் பெண்சாதி பேர் பதியவில்லையோ!' என்று அங்கேயே கைப்பெட்டியைத் திறந்து படிவத்தை எடுத்துவிட்டார். கார்டும் பயந்துபோய் நிரப்பத் தொடங்கினார். கம்பளைக்குப் போகிற சனம் ஜன்னலால் தலையை நீட்டி வாய்க்கு வந்தபடி ஏசியது. நான் அடுத்த பெட்டிக்குள் போய், அந்த மனிதரை எனக்குத் தெரியாது என்கிற முகத்தோடு உட்கார்ந்துகொண்டேன்.

இப்படி நாங்கள் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் இருந்த ஒரு மழைக்காலத்தில்தான் மாரிமுத்து வந்தார்.

தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். ஐம்பது வயதிருக்கும். தலைத்துண்டைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டே நின்றார். கதிரையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஒரு கடிதத்தை மட்டும் நீட்டினார். வாவிக்கரை நிதிக் கந்தோரிலிருந்து வந்தது. நான் வாசித்தேன். அவருடைய மனைவி சிவகாமி, கொழுந்து எடுக்கிறவர், ஏழு மாதத்துக்கு முன் காய்ச்சலில் இறந்துவிட்டார். நிதிக்கு மாரிமுத்து மனுப் போட்டிருந்தார். அதற்குப் பதில் இது: 'மேற்படி சிவகாமி தமது கணவர் எனப் பெயர் குறித்திருப்பவர் அவுகநாதன் என்பவராவார். ஆகவே மாரிமுத்து என்னும் தாங்கள் யார் என்பதைத் தெரிவிக்கவும்.'

எனக்கு அதை வாசித்து முடிக்கவே கூச்சமாக இருந்தது.

"நியமனம் பிழையாக் கிடக்குது. பறவாயில்லை, கலியாணப் பதிவு இருக்கோ?" என்று ஆரம்பித்தார் சேர்.

"பதியலைங்க. கோயில்ல தாலி கட்டுனதுதான். இருபத்தாறு வருஷம்." மாரிமுத்து தொண்டையைச் செருமினார். "சாமி, எனக்கு அந்த நிதி வேணாங்க. அவ கடுதாசில எழுதுன அந்த ஆளு யாருன்னு மட்டும் கண்டுபுடிச்சுச் சொல்லிடுங்க."

எங்கள் கந்தோரில் அப்படிக் கேட்ட ஆள் அதற்கு முன் வந்ததில்லை. சேர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மாரிமுத்து விஷயத்தைக் கொட்டித் தீர்த்தார். கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் தோட்டத்துக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார். அவர் உரக்க வாசித்துத் தொலைத்தார். அன்றிலிருந்து தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குள் இதே பேச்சு. கேலிக்காரப் பயல்கள் சிலர் இவரைக் கண்டதும் "யாரு, அவுகநாதனா?" என்று கேட்கிறார்களாம். இவர் கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார்.

"நாதன்னு முடியுற ஆளா யோசிச்சுப் பாத்தேனுங்க. முந்தி ஒரு மருந்துக்காரரு இருந்தாரு, ஏதோ நாதன். இப்ப கம்பளையில இருக்காருன்னாங்க. பஸ் ஏறிப் போயி, தெருவுல நின்னு ஒளிஞ்சு பாத்தேன். முழுக்கப் பொய்ப்பல்லுங்க. காது வேற கேக்காது. அவரா இருக்குமான்னு பாத்தா, மனசு ஒத்துக்க மாட்டேங்குது. வேற யாருன்னும் தெரியல. சாப்பாடு எறங்கலைங்க."

சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நான் டைப் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்ப்பல் கிழவரை ஒளிந்து நின்று பார்க்கப் பஸ் ஏறிப் போயிருக்கிறாரே மனிதர்!

மறுநாளே சேர் வாவிக்கரைக்குப் போய் மூலப் படிவத்தைப் பார்த்துவிட்டு, குடையைக்கூட மடக்காமல் படியேறி வந்தார். "பிள்ளை! மூலத்திலை 'நா' இல்லை! இங்கிலீஷிலை கிடக்கிறது அவுகதன். தமிழிலை கடிதம் எழுதின ஆள், எழுத்துப் பிழையாக்கும் எண்டு தானாத் திருத்தி நாதனாக்கிப் போட்டுது!"

'எழுத்துக் கூடினது' தட்டைத் திறக்கப் போனேன். "பொறு" என்றார். "நா கூடினது சரி. அப்ப அவுகதன் ஆர்?"

அலுமாரியில் எந்தத் தட்டிலும் அந்தப் பைல் ஏறவில்லை. இரண்டு மாதம் மேசையிலேயே கிடந்தது. மனிதர் நடக்கும்போதும் 'அவு, கதன்... அவுக, தன்... ஆறுமுகதன்?' என்று முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார். நானாவின் கடைப் பையன்கள் சேருக்கு ஏதோ மந்திரம் பிடித்துவிட்டது என்றார்கள். மாரிமுத்து பதினைந்து நாளைக்கு ஒரு தரம் வருவார். வாசலில் நின்று முகத்தைப் பார்ப்பார். சேர் தலையைக் குனிந்துகொள்வார். அவர் போய்விடுவார். ஒவ்வொரு தரமும் ஆள் மெலிந்துகொண்டே வந்தார்.

அந்தத் தை மாதத்தில் எனக்குக் கலியாணம். பத்து நாள் லீவு முடிந்து, புதுத் தாலியும் புதுச் சேலையுமாகக் கந்தோருக்கு வந்தேன். வாழ்த்து ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், கதிரையில் உட்காரும் முன்பே நியமனப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"ம், சொல்லு. மனுசன்ர பேர்?"

எனக்கு வாய் வரவில்லை. இங்கிலீஷ் நாவல் வாசிக்கிறவள், சினிமாவுக்குத் தனியாகப் போகிறவள், டவுனில் வளர்ந்தவள், எல்லாம் சரி. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா ஒரு நாளும் அப்பா பெயரைச் சொன்னதில்லை, அத்தைமார் சொன்னதில்லை. நாக்கு புரளவேண்டுமே!

"உங்களுக்குத்தான் தெரியுமே சேர். கலியாணக் கார்டுல இருந்துச்சே."

"கார்டிலை இருக்கிறது வேறை. நீ உன்ர வாயாலை சொல்லவேணும். ஆர் உன்ர மனுசன்?"

நல்ல வேளையாக எங்க வீட்டுக்காரர் என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். ஜன்னலால் கையைக் காட்டினேன். "அந்தா நிக்கிறாகல்ல சேர். அவுகதான்."

பேனா நின்றது.

"என்ன சொன்னனீ?"

"அவுகதான் சேர்."

"இன்னொருக்காச் சொல்லு!"

"அவுகதான்... ஏன் சேர்?"

மனிதர் கதிரையிலிருந்து எழும்பி நின்று, "அவுகதான்! அவுகதான்! அவுகதான்!" என்று மூன்று தரம் கத்தினார். கீழேயிருந்து நானா புடவை வெட்டுகிற கத்தரிக்கோலோடு ஓடி வந்துவிட்டார். அவர் வந்து பார்க்கும்போது எங்கள் சேர் மூலப் படிவத்தின் நகலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலுமாரியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். நானா என்னைப் பார்த்து, "முத்திட்டுது போல" என்று கண்ணால் சொன்னார்.

எனக்கும் அப்போதுதான் பொறி தட்டியது. படிவம் நிரப்பிய தோட்டத்துக் கிளாக்கர் புருஷன் பெயரைக் கேட்டிருக்கிறார். சிவகாமியும் என்னைப் போலவே கையைக் காட்டி 'அவுகதான்' என்றிருக்கிறார். தமிழ் அரைகுறையாகத் தெரிந்த அந்த மனிதர், அதுதான் பெயர் என்று இங்கிலீஷில் எழுதிவிட்டார். இங்கிலீஷில் 'த'வுக்கும் 'தா'வுக்கும் ஒரே எழுத்துத்தான். யாழ்ப்பாணத்துப் பெண்கள் 'எங்கட இவர்' என்பார்களாம், அதனால்தான் எங்கள் சேருக்கு இது இரண்டு மாதம் பிடிபடவில்லை. நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்காதீர்கள். அதுவரை எனக்குக் கலியாணம் ஆகவில்லையே!

"உடனே மாரிமுத்துக்குக் கடுதாசி போடட்டுமா சேர்? பாவம், அந்த மனுஷன்..."

"வேண்டாம். நாங்கள் சொன்னாப் போதாது, நிதிக்காரர் ஒத்துக்கொள்ள வேணும். அவங்கள் மாட்டம் எண்டு சொன்னால் அந்த மனுசன் ரண்டாந்தரம் உடைஞ்சு போகும். விசாரணைக்கு நாள் கேட்டு எழுது. லயத்திலை இருந்து கலியாணம் கட்டின பொம்பிளையள் அஞ்சு பேரையும், அவையின்ர மனுசன்மாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு. காரணம் எழுதாதை."

விசாரணை அன்று வாவிக்கரையில் நல்ல வெயில். புருஷன்மார் ஐந்து பேரும் வெளியே மதிலில் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே சுவரோடு ஒட்டி நின்றார்கள். மாரிமுத்து ஒரு மூலையில். எதற்கு இந்தக் கூட்டம் என்று அவருக்குத் தெரியாது. ஊர் சனத்துக்கு முன்னால் இன்னொரு தரம் மானம் போகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தலை நிமிரவே இல்லை.

"இந்த அஞ்சு பேரிட்டையும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ சேர். புருசன் பேர் என்னவெண்டு. அவ்வளவுதான்" என்றார் எங்கள் சேர்.

அதிகாரி சந்தேகத்தோடு பேனாவைத் திறந்தார். முதல் பெண்ணிடம், "ஒங்க புருசன் பேர் என்ன?" என்றார்.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே கையைக் காட்டினாள். "அவுகதாங்க."

அதிகாரி எழுதினார். படிவத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பெண்ணைக் கூப்பிட்டார்.

"அந்தக் கட்டம் போட்ட சட்டை. அவுகதான்."

மூன்றாவது பெண்ணும் "அவுகதான்" என்றபோது பேனாவைக் கீழே வைத்தார். "அதுவும் அவுகதான்? ஒரே ஆள்?"

"இல்லீங்க, அது அவ வீட்டுக்காரரு. எனக்கு அந்தா, ஓரத்துல இருக்காகல்ல, அவுகதான்."

நான்காவது பெண் வாயே திறக்காமல் சிரித்துக்கொண்டே கையை மட்டும் காட்டினாள். ஐந்தாவதாக நின்றது ஒரு கிழவி. அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "இதென்னங்க அநியாயமா இருக்கு! கட்டுன புருஷன் பேரச் சொல்லச் சொன்னா எப்புடிங்க சொல்றது? வெத்தல துப்புறாகல்ல, அவுகதான்! எழுதிக்குங்க!" என்றாள்.

அதிகாரி எழும்பி நின்றார். "ஐயோ, புரொக்டர் மாத்தயா! இந்த அவுகதான் முழுத் தோட்டமும் கலியாணம் பண்ணி!"

பியோன் சிரித்தான். நான் சிரித்தேன். கிழவியும் சிரித்தாள். அதிகாரியும் நாற்காலியில் விழுந்து குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கட வீட்டு நோனாவும் நம்ம பேர் சொல்றது இல்ல. பிள்ளைங்கட தாத்தா, பிள்ளைங்கட தாத்தா, அவ்வளவுதான்" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. தெரியாத கிழவி அவரை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்து, "இந்த வயசுல தாத்தாவா?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள்.

இந்தச் சிரிப்புக்குள் மாரிமுத்து மெல்ல மூலையிலிருந்து மேசைக்கு வந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் அடங்கிப்போனோம்.

"அப்போ... அவ சொன்னது என்னையவா?"

"ஓம், மாரிமுத்து" என்றார் சேர். "உம்மைத்தான். வேறை ஒருத்தரும் இல்லை. ஒரு நாளும் இருக்கேல்லை."

"அவ பேரு குடுத்த அன்னைக்கு நான் தோட்டக் கந்தோருக்கு வெளியிலதான் நின்னேனுங்க. மழை. கம்பளியப் போத்திக்கிட்டு நின்னேன். உள்ள இருந்து என்னையக் கையக் காட்டுனா. எதுக்குக் காட்டுறான்னு அப்ப தெரியல" என்றார் மாரிமுத்து. தலைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அந்தக் கிழவி போய் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

அதிகாரி நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா? அவரே சிவப்பு மை பேனாவை எடுத்தார். "ஹரி, சரி. இப்ப நம்ம இத வெட்டி, சரியான பேர் எழுதுவோம். மாரிமுத்து. முடிஞ்சது."

"வெட்டாதீங்க சாமி!"

அப்படி ஒரு குரல் அந்த மனிதரிடமிருந்து வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அதிகாரியின் கை அந்தரத்தில் நின்றது. மாரிமுத்து மேசைக்குக் குனிந்து அந்தப் பழுப்புக் கடதாசியைப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து அவருக்கு என்ன தெரியும்? "எதுங்க அது?" என்று கேட்டார். எங்கள் சேர் விரலை வைத்துக் காட்டினார். மாரிமுத்து அந்த இடத்தைத் தொடாமல், பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டார்.

"அவ போட்டோ ஒண்ணு எடுத்து வச்சதில்லைங்க. துணிமணியெல்லாம் குடுத்தாச்சு. அவ வாயால சொன்னது இது ஒண்ணுதான் இருக்கு. இது அப்புடியே இருக்கட்டுங்க."

அதிகாரி தர்மசங்கடமாக எங்கள் சேரைப் பார்த்தார். "புரொக்டர் மாத்தயா, நீங்க சொல்லுங்க. ஒரு ஆளுக்கு ஒரு பேர். இது நீங்கதானே எப்பவும் நம்மகிட்ட சண்டை பிடிக்கிறது?"

"ஓம். நான்தான் சொன்னனான்" என்றார் அம்பத்தஞ்சு சேர். "இண்டைக்கு மட்டும் விடுங்கோ."

ஒரு எழுத்து விழுந்தால் மூன்று வருஷம் போராடுகிற மனிதர்! இடைவெளி விட்டதற்கு என்னைத் தாளித்த மனிதர்! அங்கேயே உட்கார்ந்து, எனக்குச் சொல்லி டைப் அடிக்க வைக்காமல், தன் கையாலேயே சத்தியக் கடதாசி எழுதினார். 'மாரிமுத்து என்னும் நானே, என் காலஞ்சென்ற மனைவி சிவகாமியால் அவுகதான் என்று குறிப்பிடப்பட்டவன்.' அதிகாரி அதைப் படிவத்தோடு சேர்த்துத் தைத்துக்கொள்ளச் சம்மதித்தார். சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாரிமுத்துக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புப் படித்தவர். பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"எந்தப் பேருலைங்க போடணும்?"

நான் சேரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"உமக்கு விருப்பமான பேரிலை போடும்" என்றார்.

மாரிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, நேரம் எடுத்து, 'அவுகதான்' என்று எழுதினார். எங்கள் சேர் அதன் கீழே, 'என் முன்னிலையில் ஒப்பமிட்டார்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். அந்தக் கையெழுத்துக் கோணிப்போயிருந்தது. நான் மை ஒற்றும் தாளை எடுத்து அதன் மேல் வைத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ புரொக்டர்மாருக்கு டைப் அடித்துவிட்டேன். நல்லவர்கள், மரியாதையானவர்கள், கலியாண வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். அம்பத்தஞ்சு சேரிடம் வேலை பார்த்த எட்டு வருஷத்தில் அவரை மனதுக்குள் திட்டாத நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது அவர் இருந்திருந்தால், முழங்கால் வலியையும் பார்க்காமல் அந்தப் படியேறிப் போய், நேரிலேயே நாலு வார்த்தை ஆசை தீரத் திட்டிவிட்டு வருவேன்.